இனிப்பூட்டித் தீர்வு இருக்கா, யக்கா?

வாலே, இப்படி உக்காரு. கருப்பட்டிக்கு வெப்சைட் போட்டிருக்கியாமே, ஊரே பேசுது. பேசத்தான் செய்யுது, வாங்க ஒருத்தனும் வரலைங்காவ. இல்ல இல்ல, தப்பு. போன மாசம் கூகுள்ல தேடிப் பதினொரு பேர் வந்தாவன்னு உங்க ஆச்சிகிட்ட நெஞ்சை நிமித்திச் சொன்னியாம். பதினொரு பேரு! தேர்க்கூட்டம் தோத்துது, போ.

மேலே கொட்டை எழுத்துல என்னமோ போட்டிருக்கியே, அதைக் கொஞ்சம் வாசி. "பாரம்பரிய இயற்கை இனிப்பூட்டித் தீர்வுகள்." அடேயப்பா! அடுப்புல காப்பித்தண்ணி கொதிக்கு, டப்பாவுல கருப்பட்டி இல்ல. உங்க அம்மை பக்கத்து வீட்டுல போய் என்னன்னு கேப்பா? "யக்கா, கொஞ்சம் இனிப்பூட்டித் தீர்வு இருக்கா"ன்னா? அப்படிக் கேட்டா மந்திரிக்கல்லா கூட்டிட்டுப் போவாவ.

நான் உன்னை மாதிரிப் படிச்சவன் இல்ல. முப்பது வருசம் சைக்கிள் கேரியர்ல கொட்டானைக் கட்டிக் கருப்பட்டி வித்தவன். நம்ம பக்கம் "கருப்பட்டீ"ன்னு ஒரு சத்தம் கொடுத்தா நாலு கதவு தொறக்கும். மெட்ராஸ்ல உங்க சின்னத் தாத்தா தெருவுலயும் அதே சத்தம்தான் கொடுத்தேன். மாடியில நின்ன பொம்பள "அது என்ன?"ன்னு கேட்டா. "பனைவெல்லம்மா"ன்னேன். பாத்திரத்தோட இறங்கி வந்தா. சரக்கு ஒண்ணு, வாய்தான் வேற. வாங்குதவன் வாயில இருக்க அந்த வார்த்தையைத்தான் நீங்க கீவேர்டுங்கீய.

உன் கடையில பனைவெல்லம்னு ஒரு இடத்துலயாவது இருக்கா? தலையைச் சொறியாத, பேன் என்ன பண்ணும்? கருப்பட்டியை இங்கிலீஷ் எழுத்துல ஒருத்தன் ஒத்தை 'ப்' போட்டு அடிப்பான், ஒருத்தன் ரெட்டை 'ப்' போடுவான். அதெல்லாம் பெரும்பாலும் கூகுளே புரிஞ்சுக்கிடும். ஆனா பொருளுக்கு ஊர்ஊருக்கு இருக்க பேரை நீதான் எழுதணும்.

அதுக்காக வெறும் 'வெல்லம்'னு போட்டு வலை வீசாத. வெல்லம் தேடுதவன் பொங்கலுக்குக் கரும்பு வெல்லம் தேடுதான். அந்தச் சந்தையில பெரிய கம்பெனிக்காரன்லாம் கடை விரிச்சிருக்கான், உனக்குச் சாக்கு விரிக்க இடம் கிடைக்காது. "உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ விலை"ன்னு அடிக்கவன் பத்தே பேரா இருக்கட்டும். பத்துப் பேரும் பையோட வாரவன்லா? 2023-ல நம்ம ஊர்க் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. உன் கடையில ஊர்ப்பேரைத் தேடுனா, அடியில விலாசத்துக்குள்ள முக்காடு போட்டு ஒளிஞ்சிருக்கு.

சரி, 'சில்லுக்கருப்பட்டி'ன்னு கூகுள்ல அடி. என்ன வருது? சினிமா! 2019-ல ஹலிதா ஷமீம் எடுத்த படம். நல்ல படம்தான், நானும் பாத்தேன். ஆனா படம் தேடி வாரவன்கிட்ட சுக்குத் தட்டிப் போட்ட சில்லை நீட்டுனா வாங்குவானா? "சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டி கால் கிலோ"ன்னு வாலைச் சேத்து எழுது. எந்த வார்த்தையையும் வைக்கதுக்கு முன்னால அதை நீயே அடிச்சுப் பாரு. வாரது கடையா, சினிமாவா, சமையல் குறிப்பான்னு பாத்தாத் தெரிஞ்சுபோகும், தேடுதவன் எதுக்குத் தேடுதான்னு.

இப்ப 'கருப்பட்டி'ன்னு அடிச்சுட்டுக் கையை எடு. கீழே தானா வரிசை கட்டுது பாரு: விலை, நன்மை, அசலை எப்படிக் கண்டுபிடிக்க. சனங்க கேட்ட கேள்விய கூகுள் உனக்கு ஓசியில ஒப்பிக்கான்லே. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுது. அசல் எதுன்னு கேக்கவனுக்கு, பதனி இறக்குததுல இருந்து சிரட்டையில ஊத்துத வரைக்கும் உங்க மாமன் பண்ணுததைப் படம் பிடிச்சுப் போடு.

அதென்ன, ஒரே பக்கத்துல நாப்பது தடவை கருப்பட்டி கருப்பட்டின்னு? கிளி ஜோசியமா? வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்தா வேற கொஞ்சம் ஒளிச்சு வச்சிருக்கியாம். லேய், கருப்பட்டியில சீனிப்பாகு கலக்கதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? கூகுள் கண்டுபிடிச்சான்னா கடையையே பின்னால தள்ளிருவான். 'மெட்டா கீவேர்டு'ன்னு ஒரு மூலையில மூட்டை கட்டியிருக்கியே, அதைத் தரவரிசைக்குப் பாக்கதே இல்லன்னு 2009-லயே சொல்லிட்டான். நீ அப்ப டவுசரைத் தலைவழியா மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச.

இதெல்லாம் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. மத்தியானம் நீ குறட்டை விடுத நேரம் உன் போன் சும்மாதான கிடக்கு?

கடைசியா ஒண்ணு. எந்த வார்த்தையை அடிச்சு ஆள் வந்தான்னு சர்ச் கன்சோல்ல பட்டியல் இருக்கும், தெறந்து பாரு. அந்தப் பதினொண்ணுல ஏழு, நான் வந்தது. கருப்பட்டின்னு தேடுனேன், பனைவெல்லம்னு தேடுனேன், உன் கடை தலையே காட்டல. கடைசியில கடைப்பேரை முழுசா அடிச்சுத்தான் வாசலைக் கண்டுபிடிச்சேன். ஏழு தடவையும்.

மீதி நாலு இருக்குலா, அது என்ன சொல்லிக்கிட்டு வந்துருக்குன்னு பாரு மக்கா. அந்த வார்த்தைதான் உன் முதலு. போ, போய் ஆச்சிகிட்ட ஒரு கருப்பட்டிக் காப்பி வாங்கிட்டு வா. என்ன கேக்கணும்னு தெரியும்லா?