எலியார் வீட்டு விருந்து

ஆர்லாண்டோ அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவாகிவிட்டால், முதல் கேள்வி எத்தனை நாள் என்பது. இரண்டாவது, சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது. இரண்டையும் தீர்மானிக்கப்போவது நீங்கள்தான் என்ற நினைப்பில் பேனாவை எடுப்பீர்கள். எடுங்கள். இந்தப் பயணத்தில் உங்கள் இஷ்டத்துக்கு நகரப்போகும் கடைசிப் பொருள் அந்தப் பேனாதான்.

நாள் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மத்திய சட்டம் அமெரிக்காவில் கிடையாது. 1938-இல் வந்த தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியைப் பேசியது, கூடுதல் நேரத்துக்கு ஊதியம் பேசியது, விடுமுறை என்றதும் வாயை மூடிக்கொண்டது. முதலாளி மனமிரங்கித் தரும் நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கொஞ்சம் போகும், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துவர, மருத்துவரிடம் காட்ட என்று கொஞ்சம் போகும். மிஞ்சுவது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் வெள்ளைக் கையுறை மாட்டிய எலியார் கோட்டை வாசலில் சிரித்தபடி நின்றுகொண்டிருக்கிறார்.

அங்கே முக்கியப் பூங்காக்கள் நான்கு. மேஜிக் கிங்டம் 1971-இல் திறந்தது, எப்காட் 1982-இல், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் 1989-இல், அனிமல் கிங்டம் 1998-இல். பூங்காவுக்கு ஒரு நாள், ஆகமொத்தம் நான்கு நாள் என்று பள்ளிக்கூடக் கணக்குப் போட்டால் அசடு என்பார்கள். 2025 கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மேஜிக் கிங்டத்தின் ஒருநாள் டிக்கெட் 199 டாலர். நாள் கூடக் கூட, ஒரு நாளுக்கு விழும் விலை இறங்கிக்கொண்டே போகும். நான்கு நாளுக்கு வாங்கியவர் ஐந்தாம் நாளைச் சேர்த்தால் முதல் நாள் விலையில் ஒரு துண்டுதான் கூடுதல். எவ்வளவு நல்ல மனசு என்று உருகிவிடாதீர்கள். ஐந்தாம் நாளும் நாலு வயிற்றுக்குப் பசிக்கும். ஐந்தாம் இரவும் அறைக்கு வாடகை உண்டு, வாடகைக்கு மேல் ஆரஞ்ச் கவுண்டியில் 12.5 சதவீதம் வரி உண்டு. டிக்கெட்டில் விட்ட காசைத் தட்டில் பிடித்துவிடுகிறார்கள். ஆக, எத்தனை நாள் என்ற கேள்வியை நீங்கள் கேட்குமுன்பே பதில் எழுதி வைத்தாயிற்று. கையெழுத்துப் போட மட்டும் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

இனிச் சாப்பாடு. இங்கேதான் அந்த நிறுவனத்தின் மேதைமை தெரியும்.

டைனிங் பிளான் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 2005-இல் வந்தது, கொரோனாவில் நின்றது, 2024 ஜனவரி 9 அன்று ஆரவாரத்தோடு திரும்பியது. டிஸ்னியின் சொந்த விடுதியில் தங்கி, அறையும் டிக்கெட்டுமாகச் சேர்த்து வாங்குவோருக்கு இது. திரும்பி வந்தபோது வைத்த விலையில், பெரியவருக்கு இரவுக்கு 94.28 டாலர், சிறுவருக்கு 29.69. சென்ட் வரைக்கும் துல்லியமான அன்பைக் கவனியுங்கள். கிடைப்பது, மேஜையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு வேளை, வரிசையில் நின்று தட்டு வாங்க ஒரு வேளை, ஒரு நொறுக்குத்தீனி, விடுதியில் மட்டும் நிரப்பிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் குவளை. மூன்று வேளை சாப்பிட்டுப் பழகியவர்கள் மூன்றாவது வேளையைச் சொந்தக் காசில் சாப்பிடலாம், தடை எதுவும் இல்லை. பரிமாறியவருக்கு டிப்ஸும் தனி.

சிறுவர் என்றால் மூன்று முதல் ஒன்பது வயது வரை. பத்தாவது பிறந்தநாள் கேக்கை வெட்டிய கணத்தில் உங்கள் பிள்ளை எலியார் ராஜ்யத்தில் பெரியவர் ஆகிவிடுகிறான். ஓட்டுப் போட முடியாது, கார் ஓட்ட முடியாது, பெரியவர் விலைச் சாப்பாட்டுக்கு மட்டும் தகுதி வந்துவிடுகிறது. அவன் தின்பது என்னவோ நாலு உருளைக்கிழங்கு வறுவலும் பாதி பர்கரும்தான். பதினோரு வயதில் ஒன்று, ஏழு வயதில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்த 2024 விலையில் கணக்குப் போட்டால் இரவுக்கு 312.53 டாலர். ஐந்து இரவுக்கு 1,562.65. அன்றைய மதிப்பில் நம் ஊர்க் காசுக்கு ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். ஒரு குடும்பம் ஐந்து ராத்திரியில் தின்பதற்கு, அதுவும் மூன்று வேளைக்கு இரண்டு வேளை!

இன்னொரு நுணுக்கம். ஒரே முன்பதிவில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அவருக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. சென்னையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமியார் ராத்திரி ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் மோரும் குடித்துவிட்டுப் படுப்பவர். அவர் பெயரும் அந்த முன்பதிவில் இருந்தால் அவருக்கும் முழு விலை. விட்ட காசை அவர் வழியாகவே எடுத்தாக வேண்டுமென்று மருமகன் அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்துக்கு அவரை அழைத்துப்போவார். அங்கே ரொட்டித் தட்டு பிரசித்தம். நான், குல்சா வகையறா, தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணங்கள். வாழ்நாள் முழுக்கத் தன் கையால் சட்னி அரைத்தவர், ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்து புளிச் சட்னியை டாலரில் நக்குவார். கேட்டால் அனுபவம் என்பார்கள்.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு நொறுக்குத்தீனியும் ஒரு கிரெடிட் என்று கணக்கு. தின்று தீர்க்காத கிரெடிட் ஊருக்குத் திரும்பும் நாள் நள்ளிரவோடு செத்துப்போகும். அதனால் கடைசி நாளில் விடுதிக் கடையில் ஒரு காட்சி நடக்கும். வேலையில் கோடிக்கணக்கில் பட்ஜெட் பார்க்கும் மனிதர்கள், மிஞ்சிய நொறுக்குத்தீனிக் கிரெடிட்டுக்கு எலிக் காது வைத்த பிஸ்கட்டும் அரிசிப்பொரிக் கட்டியும் கூடையில் அள்ளுவார்கள். முகத்தில் கோட்டையைப் பிடித்த களிப்பு. தங்கள் பணத்தைத் தாங்களே திரும்பப் பறிக்கப் போராட வைத்து, அதில் ஜெயித்த உணர்வையும் கொடுத்து அனுப்பும் வியாபாரத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

சாப்பிடக் காசு இருந்தால் போதாது, நேரமும் குறித்தாக வேண்டும். மேஜை முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் திறக்கும், காலை ஆறு மணிக்கு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பவருக்கு அது விடியற்காலை மூன்று. அறுபது நாள் கழித்து வரும் வியாழக்கிழமை மதியம் ஏழு வயதுக் குழந்தைக்கு எதைத் தின்னப் பிடிக்கும் என்று தூக்கக் கலக்கத்தில் முடிவெடுக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் தலைக்குப் பத்து டாலர் தண்டம். கோட்டைக்குள் சிண்ட்ரெல்லாவின் மேஜையில் உட்கார ஒரு வேளைக்கு இரண்டு கிரெடிட் வெட்டுவார்கள். வேலையிலிருந்து தப்பித்து ஓய்வெடுக்கப் போகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே அந்த நிறுவனத்தில் சம்பளமில்லாக் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிடுகிறார்கள். எக்ஸெல் தாளில் நிறம் பூசுகிறார்கள். அதை நண்பர்களுக்கு அனுப்பிப் பெருமைப்படுகிறார்கள்.

இதெல்லாம் விளையாட்டுக்குச் சொல்வது. இனிமேல் சொல்வது விளையாட்டில்லை.

2021 நவம்பரில் பங்குதாரர்களுக்கான கலந்துரையாடலில், பொருட்களின் விலை ஏறுகிறதே, என்ன செய்யப்போகிறீர்கள் என்ற பேச்சு வந்தது. அப்போது நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரியாக இருந்த கிறிஸ்டின் மெக்கார்த்தி சில வழிகளைச் சொன்னார். சரக்குக் கொடுப்பவரை மாற்றலாம், ஒரு பொருளுக்குப் பதில் வேறொன்றைப் போடலாம், தட்டில் வைக்கும் அளவைக் குறைக்கலாம். குறைத்தால் சிலருடைய இடுப்புக்கும் அது நல்லதுதான் என்றார். குழந்தைக்கு எலிக் காது வாங்கித் தரக் கூடுதல் ஷிப்ட் பார்த்த தகப்பனின் தட்டில் கை வைத்துக்கொண்டே, அவன் தொப்பையைக் கேலி செய்கிற துணிச்சல் இது. நம் ஊர் மெஸ் முதலாளி இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் கல்லாவில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

வயிற்றை விட்டுக் காலுக்கு வாருங்கள். வரிசையில் நிற்பது அங்கே எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒரு காகிதச் சீட்டு கொடுத்தார்கள். குறித்த நேரத்துக்கு வந்தால் சீக்கிரம் ஏறலாம். காசு கிடையாது. 2021 அக்டோபரில் அதே காரியத்துக்கு ஜீனி பிளஸ் என்று பெயர் வைத்துத் தலைக்கு நாளுக்குப் பதினைந்து டாலர் என்றார்கள். 2024 அக்டோபர் கடைசியில் பிரீமியர் பாஸ் வந்தது. நாளையும் பூங்காவையும் பொறுத்து விலை மாறும், உச்சத்தில் தலைக்கு ஒரு நாளுக்கு 449 டாலர். நாலு பேருக்கு 1,796. நுழைவுச் சீட்டு இதில் சேராது. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு இலவசமாக ஓடிய பேருந்தும் 2022 புத்தாண்டோடு நின்றது.

வெயிலில் ஒன்றரை மணி நேரம் நிற்கும் ஒரு குழந்தையின் கண்ணெதிரே, அதே வயதுக் குழந்தை ஒன்று பக்கத்து வழியில் நடந்து உள்ளே போகிறது. நம்ம ஏன்ப்பா அதுல போகல என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்குத்தான் விலை வைத்திருக்கிறார்கள். சவாரிக்கு அல்ல. தன் குழந்தையின் முகத்தைப் பார்த்து ஒரு தகப்பன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று அளந்து, அவன் உடையும் இடத்தில் கட்டணத்தைக் கட்டியிருக்கிறார்கள். 1971-இல் உள்ளே நுழைய 3.50 டாலர், சவாரிக்குத் தனிச் சீட்டுப் புத்தகம். அதுவும் வியாபாரம்தான். ஆனால் அன்றைக்கு யாரும் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காட்டி உங்கள் பர்ஸைத் திறக்கவில்லை.

எங்கிருந்து வருகிறது இந்தப் பணம்? லெண்டிங்ட்ரீ நிறுவனம் 2024-இல் எடுத்த ஆய்வில், பதினெட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்து டிஸ்னிக்குப் போன பெற்றோரில் 45 சதவீதம் பேர் அதற்காகக் கடன் பட்டதாகச் சொன்னார்கள். எலிக் காது வைத்த ஐஸ்கிரீம் உருகிப்போன பிறகும் அதன் வட்டி கிரெடிட் கார்டில் உறுதியாக நிற்கும்.

சரி, போகிற பணமாவது தட்டைத் தூக்கி வருகிறவருக்குப் போகிறதா? அங்கே கூலி மணிக்குப் பதினைந்து டாலராக வேண்டும் என்று சங்கங்கள் பேரம் பேசி 2018-இல்தான் ஒப்பந்தமாயிற்று, அதுவும் 2021 வரை படிப்படியாக. 2023 ஒப்பந்தத்தில் பதினெட்டு. சிண்ட்ரெல்லா மேஜையில் ஒரு பெரியவர் சாப்பிட 80 டாலர் அளவில் ஆகும். அதைப் பரிமாறும் அரண்மனைக்குத் தரை துடைக்கிறவர் அந்தப் பதினெட்டு டாலர் கூலியில் அதே தட்டின் முன்னால் உட்கார நாலு மணி நேரத்துக்கு மேல் துடைக்க வேண்டும். பக்கத்துக் கிஸிம்மியில் 192-ஆம் நெடுஞ்சாலை ஓரம் வாரவாடகை மோட்டல்களில் குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்கின்றன. ஷான் பேக்கர் 2017-இல் எடுத்த 'தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்' அந்தக் குழந்தைகளைப் பற்றியதுதான். 2018-இல் அப்போதைய தலைவர் பாப் ஐகருக்குக் கிடைத்தது 65.6 மில்லியன் டாலர். நிறுவனரின் அண்ணன் ராயின் பேத்தி அபிகெய்ல் டிஸ்னியே 2019-இல் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வெளிச்சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அந்தப் பூங்காக்களில் அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம், மது போன்ற சில மட்டும் கூடாது. தட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் ஐஸ் போட்ட தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். எந்த விளம்பரத்திலும் இளவரசி இதைப் பாடுவதில்லை. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு வெட்கம் எதற்கு? வெட்கப்பட வேண்டியவர்கள் கலந்துரையாடலில் இடுப்பளவு பேசியவர்கள்.

பட்ஜெட் தாளில் விட்டுப்போன ஒரு வரியும் உண்டு. 2023 அக்டோபரில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் வளாகத்தில், வேறொரு நிறுவனம் நடத்தும் உணவகத்தில் சாப்பிட்ட ஒரு பெண் ஒவ்வாமையால் இறந்துபோனார். ஒவ்வாத பொருள் கலக்கவில்லை என்று பணியாளர்கள் பலமுறை உறுதி சொன்னார்கள் என்பது அவர் கணவரின் புகார். கணவர் வழக்குப் போட்டார். டிஸ்னியின் வக்கீல்கள் ஒரு வாதத்தோடு வந்தார்கள். 2019-இல் இவர் டிஸ்னி பிளஸ் சேவையைச் சோதனைக்காகப் பதிவு செய்தபோது ஒப்புக்கொண்ட விதிகளின்படி நீதிமன்றத்துக்கு வர உரிமை இல்லை, தனியாக சமரசத் தீர்ப்பாளரிடம்தான் போக வேண்டும் என்றார்கள். வீட்டு சோபாவில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்க ஒரு பொத்தானை அமுக்கியவன், மனைவியின் சாவுக்கு நீதி கேட்கும் உரிமையையும் அதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டானாம். நாடே காறித் துப்பிய பிறகு, 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

எனவே இந்த டிசம்பருக்கு முன்பதிவு செய்கிறவர்கள் அறுபது நாளுக்கு முன்னால் ஆறு மணிக்கு அலாரம் வைப்பதோடு நிறுத்த வேண்டாம். குவளை, டிப்ஸ், நொறுக்குத்தீனி என்று போட்ட வரிசைகளுக்குக் கீழே வக்கீல் கட்டணம் என்று ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு டைனிங் பிளானில் கிரெடிட் கிடையாது.