நோ டிஸ்ப்ளே இயல்

மேசைக் கணிப்பொறியின் பொத்தானை அழுத்தியும் திரையில் யாதொன்றும் தோன்றாத நிலையைப் பழுதுநீக்குவோர் 'நோ டிஸ்ப்ளே' என வழங்குவர். இது இருவகைப்படும். மின்விசிறி சுழலாது, விளக்கும் எரியாது கிடப்பது உயிரற்ற நோ டிஸ்ப்ளே. விசிறி சுழன்று, விளக்கு ஒளிர்ந்து, திரை மட்டும் கறுத்திருப்பது உயிருள்ள நோ டிஸ்ப்ளே. பின்னதே கொடியது. முன்னதில் உரிமையாளர் அரை மணியில் மனந்தேறிக் கடைக்குக் கிளம்பிவிடுவார். பின்னதில் விசிறிச் சத்தத்தை நம்பி இரவு முழுவதும் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார்.

நோய் தோன்றும் பொழுதுகளுள் முதன்மையானது ஆயுத பூஜைக்கு மறுநாள். பெட்டியை இழுத்து, துடைத்து, சந்தனப் பொட்டிட்டு, பழைய இடத்துக்குத் தள்ளும்போது பின்புறக் கம்பிகளுள் ஒன்று கால்வாசி கழன்றிருக்கும். இதைத் தெய்வக் குற்றம் என்பாரும் உளர். அவர்களும் கம்பியை ஒருமுறை அழுத்திப் பார்த்த பின்னரே அவ்வாறு கூறுகின்றனர்.

ஆகவே ஆராய்ச்சி சுவரிலிருந்தே தொடங்கும். சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ்., மானிட்டருக்கென்றே உள்ள தனிப் பொத்தான் என்ற வரிசை மாறக் கூடாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பெட்டியில் மானிட்டர் கம்பியை மதர்போர்டின் துளையில் செருகியிருப்பதும் இங்கே அடங்கும். கார்டு இருக்கக் கண்டால் பல மதர்போர்டுகள் தம் சொந்தத் துளையை ஊமையாக்கிவிடும். 'பிளக் மாட்டியிருக்கிறதா?' என்று தொலைபேசியில் கேட்பது மரபன்று. 'மாட்டாமலா கூப்பிடுவேன்?' என்ற விடையே வரும். தேர்ந்த மெக்கானிக் 'பிளக்கைப் பிடுங்கிட்டு, பத்து நொடி விட்டு மாட்டுங்க சார்' என்பார். மாட்டப்படாத பிளக் இவ்வாறு மானம் கெடாமல் மாட்டப்படுகிறது.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டி. இன்டெல் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி இது 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தருகிறது. இவை 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அளவுகள் நிலைபெற்றதும் சாம்பல் நிறக் கம்பி வழியே 'எல்லாம் சரி' என்ற குறிப்பு செல்லும். அது வரும்வரை பிராசஸர் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். விசிறி சுழல 12 வோல்ட் ஒன்றே போதும் என்பதால், 'ஃபேன் ஓடுதே, அப்போ பவர் நல்லாத்தான் இருக்கு' என்னும் பரவலான வாதம் செல்லாது. மதர்போர்டிலிருந்து கழற்றிய பெரிய பிளக்கில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் ஜெம் கிளிப்பால் இணைத்தும் விசிறி அசையாவிட்டால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். மாண்டது எனக் கொள்க. உள்ளே பல்லி செத்துக் கிடக்கிறதா என்று அதைத் திறந்து பார்க்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். இரண்டாவது பல்லி தேவையில்லை.

பீப் ஒலிகள் பற்றிய பகுதி உரைவேறுபாடு மிக்கது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. தன்னைத்தானே சோதித்து முடித்து ஒரு குற்றொலி எழுப்பினால் நலம் என்று பொருள். ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் பயோஸ் என்னும் தொடக்க நிரலின் பிழைப் பட்டியலிலோ அதே ஒற்றை ஒலி ராம் புதுப்பித்தலில் கோளாறு என்பதைக் குறிக்கும். அவார்டு பயோஸ் மரபினர், நெடில் ஒன்றும் குறில் இரண்டும் வந்தால் டிஸ்ப்ளே கார்டைப் பார் என்பர். இவ்வளவு நுட்பமான யாப்பு இன்று பெரிதும் வழக்கொழிந்தது. புதிய கேபினட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே இருப்பதில்லை.

இயலின் உயிர்நிலை ராம் துடைத்தல். பக்கத் தகட்டைத் திறந்து, ராமைப் பிடுங்கி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுதல் வேண்டும். ரப்பர் அப்சராவா நடராஜா என்ற பூசல் எழுவதுண்டு. இரண்டையும் செய்வது ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் என்ற ஒரே நிறுவனமாதலின் வழக்கு தள்ளுபடியாகிறது. உண்மையான சிக்கல் வேறு. ரப்பர் அழுக்கை நீக்கியதா, கழற்றி மாட்டுகையில் முள்ளும் முலாமும் உரசியதே போதுமானதாயிற்றா? அறிய வழியில்லை. கழற்றியவுடன் சான்று அழிகிறது. மாட்டியவுடன் நோயும் அழிகிறது. மீண்டும் அழுக்காக்கிச் சோதிக்க எந்த உரிமையாளரும் இசைவதில்லை. ரப்பர் முலாமையும் சேர்த்தே தேய்க்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே தக்கது என்பது நூலோர் கொள்கை. கொள்கை சரியே, இரவு பதினொரு மணிக்கு வீட்டில் கிடைப்பது பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள ரப்பர்தான்.

மதர்போர்டில் பதித்துள்ள சி.ஆர்.2032 பேட்டரி 20 மி.மீ. அகலமும் 3.2 மி.மீ. தடிமனும் உடையது என்பதை அதன் பெயரே கூறும். அது தீர்ந்தால் கடிகாரம் பின்னுக்குப் போகுமேயன்றித் திரை பெரும்பாலும் போகாது. ஆயினும் பிளக்கைப் பிடுங்கி அதைச் சற்று கழற்றி வைத்தால் பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். ராமின் வேகத்தை யாரோ ஏற்றிவைத்ததால் விளைந்த இருள் நீங்கும். ஏற்றியது மகன் என்பதும் அப்போதே வெளிப்படும்.

மதர்போர்டில் கபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, மற்ற யாவற்றையும் மாற்றிப் பார்த்தும் திரை வராவிட்டாலோ 'போர்டு போச்சு' என்று தீர்ப்பாகும். உடனே எழும் வினா, கல்யாணப் போட்டோ எல்லாம் போச்சா என்பது. போகவில்லை. அவை இருப்பது ஹார்டு டிஸ்க்கில். அது செத்தால்கூட, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற புலம்பலாவது திரையில் வரும். முழு இருளுக்கு அது காரணமாவது அரிது. குறியாக்கம் செய்யாத டிஸ்க்கை வேறொரு பெட்டியில் மாட்டினால் படங்கள் கிடைக்கும். மாட்டுமுன் அந்தப் பெட்டியில் திரை வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.