பூங்காவைக் காத்த புண்ணியவானுக்கு

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ பூங்காப் பரிபாலன அதிகாரியவர்கள் சமுகத்திற்கு, மதுரைச் சிம்மக்கல் வாசி ஒருவன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

எங்கள் பேட்டையின் சிறு பூங்காவைத் தாங்கள் சீர்திருத்திய நாள் முதலாக அங்கே நிலவும் சாந்தியைப் பாராட்டாவிட்டால் நாங்கள் நன்றி கொன்றவர்களாவோம். கூப்பிடு தூரத்து மாவட்ட மைய நூலகத்திலாவது நாளிதழ் புரளும் ஓசை கேட்கும். தங்கள் பூங்காவிலோ, ஊஞ்சலைக் கம்பத்தோடு சங்கிலியால் பிணைத்து, சறுக்குமரத்துக்கு முள்வேலியிட்டு, வாயிலில் பூட்டும், பூட்டுக்கு மேலே ‘குடும்பத்துடன் வருக’ என்னும் பலகையும் தொங்கவிட்டிருப்பதால், காக்கைகூட அனுமதி பெற்றே கரைகிறது.

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் என்னும் ஆங்கிலேயர், கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, மூச்சுமுட்டிக் கிடந்த மதுரையை வெளி வீதிகள்வரை விரியச் செய்தார். அன்று நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்வதுபோலத் தாங்கள் ஈட்டிமுனைக் கம்பிகளோடு எழுப்பியிருக்கும் சுற்றுச்சுவரைக் கண்டால் திருமலை நாயக்கரே பொறாமைப்படுவார். படையெடுத்து வரும் சத்துருக்கள் பெரும்பாலும் பால்பல் விழாதவர்கள். ஆயுதம், ரப்பர்ப் பந்து.

பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்க 1959-ஆம் ஆண்டில் இந்த மாகாணம் சட்டமொன்று இயற்றியபோது, அது அவற்றை மனையாக்கிவிடத் துடிப்போரிடமிருந்து காப்பதற்கென்றே பாமரர்களாகிய நாங்கள் எண்ணியிருந்தோம். பிள்ளைகளிடமிருந்து காப்பதற்கே என்னும் சூட்சுமத்தைத் தாங்களல்லவோ உணர்த்தினீர்கள்!

வசதிகளுக்கும் குறைவில்லை. கழிப்பறையோ துடைப்பங்களும் உடைந்த பெஞ்சுகளும் வாசம் செய்யும் கிடங்காகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. குடிநீர்த் தொட்டியில் நீர் இருந்தால் மறைந்துவிடக்கூடிய உபயதாரர் பெயர்கள் அடிவரை தெளிவாகத் தெரிகின்றன. விளையாடியே தீரவேண்டுமென்று அடம்பிடிக்கும் குழந்தைகள், வைகைப் பாலத்தைக் கடந்து, கோரிப்பாளையத்து வாகன வெள்ளத்தில் எதிர்நீச்சலடித்து, காந்தி அருங்காட்சியகத்தின் பக்கத்திலுள்ள ராஜாஜி பூங்காவுக்குப் போகட்டும். ஆற்றில் தண்ணீரில்லாத குறைக்கு நீந்தப் பழகியதாகவும் இருக்கும்.

ஆயினும் ஒரு யோசனை. புல்தரையில் சிமெண்டு மானும் சிமெண்டுக் கொக்கும் நிறுவியதுபோலச் சிமெண்டுக் குழந்தைகள் சிலவற்றையும் செய்து ஊஞ்சலில் அமர்த்திவிட்டால், அவை புல்லை மிதியா, தாகமென்று அழா, தாய்மாரைக் கழிப்பறை தேடி அலையவும் விடா. திறப்புவிழாவன்று கைதட்ட மட்டும் அவற்றால் இயலாதாகையால், அந்த ஒரு தினத்துக்கு எங்கள் பிள்ளைகளை இரவல் தரச் சித்தமாயிருக்கிறோம். விழா முடிந்ததும் எண்ணிப் பார்த்து வெளியே விட்டபின் பூட்டிக்கொள்ளப் பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
சுவருக்கு வெளியே நிற்கும் வரிசெலுத்துவோன்