கிரயத்தோடு வந்தவர்

இளம்பிள்ளையில் தறிக்குழியுள்ள வீட்டைக் கிரயம் வாங்கும் புண்ணியவான், பத்திரத்தில் நாற்பால் செக்குபந்தியையும் கிணற்றுப் பாத்தியதையையும் எழுத்தெண்ணிச் சரிபார்த்துவிட்டு, குழிக்குள் காலிட்டு அமர்ந்திருக்கும் குடித்தனக்காரரை மாத்திரம் கவனியாது விடுவது சம்பிரதாயம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமோ, விற்றவரின் உரிமைகளோடு கடமைகளையும் சேர்த்தே வாங்கியவருக்குத் தாரை வார்த்துவிடுகிறது. “இந்தப் பாவு இறங்கட்டுமுங்க, காலி பண்ணிக்கறேன்” என்பார் குடித்தனக்காரர், பரம சாந்தமாக; பாவு தீருமுன் அதன் நுனியிலேயே புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுவது நெசவு தர்மம் என்பதைப் பட்டணத்து வக்கீல் அறியார். ‘சொந்த உபயோகம்’ என்று 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மனுப்போட்டு வாய்தாவுக்கு அலைந்த தலைமுறை ஒருபுறமிருக்க, 2019-இல் அமலுக்கு வந்த புதுச்சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கேட்கிறது. இங்கே ஒப்பந்தமென்பது, பழைய சொந்தக்காரரின் தகப்பனார் வெற்றிலை மென்றபடி சொன்ன வாய்வார்த்தை; அவரும் சிவலோகப் பிராப்தி அடைந்துவிட்டார்.