நகல்: மாண்புமிகு குடியரசுத் தலைவர்

மனு நான்கே வரி. தெருமுனைக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, இருட்டில் நாய் துரத்துகிறது, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், ஆவன செய்க. அவ்வளவுதான். அதற்குக் கீழே ‘நகல்’ என்று தொடங்குவதுதான் ஒன்றேகால் பக்கம். குடியரசுத் தலைவர், பிரதமர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஆளுநர், முதலமைச்சர், தலைமைச் செயலாளர், நகராட்சி நிர்வாகத் துறைச் செயலாளர், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர், தாம்பரம் மேயர், ஆணையர், மண்டலத் தலைவர், மாமன்ற உறுப்பினர், நாளிதழ் ஆசிரியர்கள். எல்லாருக்கும் கடைசியில் ‘எதிர்வீடு’. எதிர்வீடு நான்தான்.

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று எங்கே போய்க் கேட்டாலும் “அட, எங்க தெருவுலயும் ஒருத்தர் இருக்காரே” என்பார்கள். ஆகவே எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. கோபித்துக்கொண்டாலும் எழுத்துமூலம்தான் தெரிவிப்பார், அதற்கும் பிரதமருக்கு ஒன்று போகும். நகல் சார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருடத்துக்கு மேல் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊரார் மனுக்களுக்கெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் எழுதி ஓய்வுபெற்றவர். இப்போது அந்தப் பதிலை வாங்குகிற பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நகல் பட்டியல் எழுதுவதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறிப்பு உண்டு. சிலருக்கு ‘தக்க நடவடிக்கைக்காக’, சிலருக்கு ‘மேல்நடவடிக்கைக்காக’, சிலருக்கு ‘தகவலுக்காக’ மட்டும். குடியரசுத் தலைவருக்கு எப்போதும் ‘தகவலுக்காக’தான். ஏன் சார் என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். “அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் சார். நம்ம தெரு லைட்டுக்காக அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. சும்மா தெரிஞ்சி வெச்சிக்கட்டும்” என்றார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

வரிசையிலும் பிசகக் கூடாது. தமிழக அரசுக்கும் ஆளுநருக்கும் இடையே இருந்த மசோதாத் தகராறில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதல்லவா? அந்தச் சமயத்தில் ஆளுநர், முதலமைச்சர் இருவர் பெயரையும் அடுத்தடுத்து எழுதலாமா என்று அவருக்குப் பெரிய சங்கடம். வெகுநேரம் யோசித்து, நடுவில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியை உட்கார வைத்தார். எங்கள் தெருவைப் பொறுத்தவரை அரசியல் சாசன நெருக்கடி அத்தோடு தீர்ந்தது.

இந்த நகல்கள் எங்கே போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லிக்குப் போன காகிதம் அங்கேயே தங்கிவிடுவதில்லை. ‘உரிய கவனத்துக்கு’ என்று ஒரு வரி சேர்த்து மாநிலத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்புவார்கள். தலைமைச் செயலகம் துறைக்கு அனுப்பும். துறை மாவட்டத்துக்கு, மாவட்டம் உள்ளாட்சிக்கு, உள்ளாட்சி மண்டலத்துக்கு, மண்டலம் பொறியாளருக்கு. பிரதமருக்குப் போனதும் முதலமைச்சருக்குப் போனதும் இதே படிக்கட்டில்தான் இறங்கும். கடைசியில் எல்லா நகல்களும் ஒரே மேஜையில் வந்து விழும். அங்கிருந்து ஏணியும் தோளுமாக, விளக்கு மாட்டுகிற தம்பியிடம் வந்து சேரும். அந்தத் தம்பி தினமும் காலையில் எங்கள் தெருமுனை டீக்கடையில்தான் நிற்கிறார். “சார், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேனே” என்றார் ஒருமுறை. நகல் சார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வாய்மொழிப் புகாருக்கு என்னய்யா ஆதாரம் இருக்கு?” என்றார்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் அவருக்குத் தனிக் கணக்கு நோட்டு உண்டு. 2025-ல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்தபோது ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகல் சார் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டம்மா சொன்னார். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைகளை ஆண்டுவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, பீரோவில் நகைக்கு மேல் தட்டில் வைத்திருப்பவர் அவர்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். சட்டையைத் தீய்த்துவிட்ட இஸ்திரிக்காரருக்கு ஒரு கடிதம், நகல் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு. தண்ணீர் லாரி பாதித் தண்ணீரைத் தெருவிலேயே சிந்திவிட்டுப் போனதற்கு ஒரு கடிதம், நகல் எதிர்வீட்டுக்கு. “மோர் புளிச்சிப்போச்சுன்னு எழுதினாலும் கவர்னருக்கு ஒண்ணு போகும்” என்று அந்த அம்மா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். வாய்மொழியாகத்தான் சொன்னார், ஆதாரம் கிடையாது.

அவர் வாழ்வில் மகிழ்ச்சியான நாள் என்றால் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு வீட்டுக்கு ஆள் வந்த நாள்தான். படிவம் ஒன்றல்ல, இரண்டு பிரதி. ஒன்றை நிரப்பிக் கொடுத்தால், இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தத் திருத்தம் நியாயமா என்று நாடே அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவருக்கும் கடுமையான கருத்துகள் உண்டு, ஆறு பக்கத்துக்குத் தட்டச்சு செய்தும் வைத்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு அரசாங்கமே முன்வந்து நகல் கொடுத்தது. வந்தவருக்குக் காபி கொடுத்தார். எனக்கு இதுவரை கொடுத்ததில்லை.

கட்சி என்று பார்த்தால் எதுவும் இல்லை. எந்த ஆட்சி வந்தாலும் அதே மனுதான், தேதியையும் பெறுநர் பெயரையும் மட்டும் மாற்றுவார். நோட்டா வருவதற்கு முன்பு, யாருக்கும் வாக்கில்லை என்று பதிய விதி 49-ஓ கேட்டு வாக்குச்சாவடியில் வரிசையை நிறுத்தி வைத்தவர். 2013-ல் இயந்திரத்திலேயே நோட்டாப் பொத்தான் வந்ததும் அவருக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. பொத்தானுக்கு விதி எண்ணைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லையே.

விதி என்றால் எனக்கு அந்தப் பம்மல் கதை ஞாபகம் வந்து இப்போதும் வயிறு எரிகிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினம். தாம்பரம் மாநகராட்சியாகி அப்போது ஒரு வருடம்கூட நிறையவில்லை. அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே வந்து உட்கார்ந்து மக்களிடம் குறை கேட்டார். பம்மல் எங்கே இருக்கிறது? எங்கள் மாநகராட்சிக்குள்தான். நான் ஓடிப்போய், “சார், நகலே வேணாம், நேர்லயே குடுத்துடலாம், கிளம்புங்க, நான் வண்டி எடுக்கறேன்” என்றேன். அவர் சாய்வு நாற்காலியிலிருந்து அசையவில்லை. “அது அவங்க வார்டு சபை சார். நான் வேற வார்டு. எனக்கு அங்க பேச என்ன தகுதி இருக்கு?” என்றார். மறுநாள் காலையில் முதலமைச்சருக்கு விரைவுத் தபாலில் ஒரு நகல் போனது.

இத்தனையும் சகித்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அந்த மனுஷனுக்குச் சட்டம் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1997-லேயே, தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்தது என்பதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். “இருந்தது சார், எதையெல்லாம் சொல்ல வேண்டாங்கிற பட்டியல்தான் அதுல நீளம்” என்பார். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், எதற்குக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது, அது 6(2). முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு முப்பது நாள், தப்பினால் நாற்பத்தைந்து. காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். பக்கத்துத் தெருவில் ஒரு விதவைக்கு உதவித்தொகை திடீரென்று நின்றுபோனபோது, ஏன் நின்றது என்று இப்படித்தான் கேட்டுக் காரணத்தை வாங்கினார். எந்த அலுவலகம் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் வந்த மறுமாதம் தொகையும் வந்தது. அந்தப் பெண் கொண்டுவந்து கொடுத்த வாழைப்பழத்துக்கு ரசீது எழுதிக் கொடுத்தார்.

அதே சட்டத்தில் அவர் காட்டுகிற ஓட்டையைக் கேட்டால் நகைச்சுவைக் கட்டுரை எழுத வந்தவனுக்கே எரிச்சல் வரும். அலுவலருக்குக் கெடு உண்டு, மேல்முறையீட்டு அலுவலருக்குக் கெடு உண்டு, மனுதாரருக்கும் இரண்டாவது மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் கெடு உண்டு. அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டிய தகவல் ஆணையத்துக்கு மட்டும் சட்டத்தில் கெடுவே போடவில்லை. எப்போது கூப்பிடுகிறார்களோ அப்போது போக வேண்டும். அதற்குள் அந்தச் சாலையை இரண்டு தடவை போட்டு மூன்று தடவை தோண்டியிருப்பார்கள்.

அவருக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று அந்தச் சட்டத்தில் இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனி மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று 8(1)(j) பிரிவை ஒட்டி வரும். அதைச் சொல்லும்போது சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். “பாத்தீங்களா, எம்.எல்.ஏ.வும் நானும் ஒண்ணு.” 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த இடத்தை ஒரே வெட்டாக வெட்டிவிட்டது. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொன்னாலே மறுக்க இடமிருக்கிறது. பொதுநலன் பெரிது என்று வாதாட இன்னொரு பிரிவு மிச்சமிருந்தாலும், அதைப் பொதுநலன் என்று ஒப்புக்கொள்ளவேண்டியவரும் அதே அலுவலர்தான். பொது வேலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் பெயரும், பொதுப் பணத்தில் சலுகை வாங்கியவர் பெயரும் தனிப்பட்ட தகவல் ஆகிவிட்டால், கணக்குக் கேட்கிறவன் யாரிடம் போய்க் கேட்பது? இதற்கு எந்தத் தெரு டீக்கடையிலும் பதில் கிடைக்காது.

நகல் போடுகிற பைத்தியத்துக்குக் காரணம் என்ன என்பது 2025 ஜனவரியில்தான் எனக்குத் தெரிந்தது. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் ஜகபர் அலி என்பவர் கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி அதிகாரிகளிடம் மனு மேல் மனுவாகக் கொடுத்து வந்தார். லாரி மோதி இறந்தார். முதலில் விபத்து என்றுதான் பேச்சு. பிறகு கொலை வழக்கானது, குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. செய்தி வந்த அன்று நகல் சார் வீட்டம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, “நீங்களாவது சொல்லுங்க, இவர் எதுக்கு இதையெல்லாம் பண்ணணும்?” என்று கேட்டார். நான் போய்ச் சொன்னேன். தெரு விளக்குக்காக யாரும் லாரி ஏற்றமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் எழுதுவது தெரு விளக்கோடு நிற்பதில்லை. ஏரிக்கரை ஆக்கிரமிப்பும் இருக்கிறது, ராத்திரியில் கழிவுநீரை நீர்நிலையில் கொட்டுகிற லாரிகளின் பதிவெண்களும் இருக்கின்றன.

அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். “ஒருத்தனுக்கு மட்டும் எழுதினா அந்த ஒருத்தனுக்கு மட்டும்தான் சார் தெரியும். அவன் யார்கிட்ட போய்ச் சொல்லுவானோ, நமக்குத் தெரியாது. இருபது பேருக்குத் தெரிஞ்சா யோசிப்பான். அதுக்குத்தான் நகல். உங்களுக்குப் போடறதும் அதுக்குத்தான்.”

அன்றிலிருந்து என் பெயருக்கு வருகிற நகலைக் குப்பையில் போடுவதில்லை. அதற்காக அவரோடு வாழ்வது எளிதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. போன வாரம் என் காரின் பின்சக்கரம் அவர் வாசல் கோலத்தில் நாலங்குலம் ஏறியிருந்ததற்குப் போக்குவரத்துக் காவல் உதவி ஆணையருக்கு ஒன்று போயிருக்கிறது. ‘தகவலுக்காக’ என்று போட்டிருந்ததால் மன்னித்துவிட்டேன்.

இதைப் படிக்கிற அதிகாரிகள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரிலிருந்து அப்படி ஒரு மனு வந்தால், நகல் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மேலே இருக்கும் நாலு வரியைப் படித்துவிட்டு, வந்த அன்றே விளக்கைப் போட்டுவிடுங்கள். அவர் நிறுத்தமாட்டார், நன்றி தெரிவித்து இன்னொன்று எழுதுவார், அதுவும் குடியரசுத் தலைவருக்குப் போகும். எங்கள் பிள்ளைகளாவது வெளிச்சத்தில் வீடு வந்து சேருவார்கள்.