கொடிக்கம்பத்தையும் சேர்த்து எத்தனை மாடி?

வேலப்பன்சாவடியில், திருவேற்காடு கோயிலுக்குத் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. சாயங்காலமானால் இரண்டு பேர் அங்கே ஆஜர். ஒருவர் ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர். மகனைப் பார்க்க அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து ஊருக்கே அவர் ‘சிகாகோ சார்’. மற்றவர் இரண்டு தண்ணீர் லாரிக்குச் சொந்தக்காரர். ஒரு கட்டடத்தைக் கண்டால் முன்னவர் அண்ணாந்து மாடியை எண்ணுவார். பின்னவர் குனிந்து சம்ப் எங்கே இருக்கிறதென்று தேடுவார்.

சார்: நியூயார்க்ல 150 மீட்டருக்கு மேல நிக்கிற கட்டடம் மட்டும் 300-ஐத் தாண்டிடுச்சுப்பா. சிகாகோல 130 சொச்சம். மூணாவது எந்த ஊர், சொல்லு பார்ப்போம்?

லாரிக்காரர்: நீங்களே சொல்லிடுங்க சார், டீ ஆறுது.

சார்: மியாமி! ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

லாரிக்காரர்: அது இன்னா சார் 150 மீட்டர்?

சார்: பெரும்பாலும் அதான் கணக்கு. அதுக்குக் கீழ இருந்தா ஸ்கைஸ்க்ரேப்பர்னு லிஸ்ட்ல ஏத்த மாட்டாங்க.

லாரிக்காரர்: அப்போ நம்ம எல்.ஐ.சி?

சார்: 177 அடி. மீட்டர்ல பார்த்தா 54. சேராது.

லாரிக்காரர்: இன்னா சார் இப்படிக் கவுத்துட்டீங்க! எங்கப்பா செய்யாறுலருந்து வந்து மொத மொதல்ல வாயப் பொளந்து பார்த்ததே அதைத்தான். படத்துல ஹீரோ ஊர்லருந்து வந்து எறங்கினா எல்.ஐ.சி-யக் காட்டணும், அப்பதான் அது மெட்ராஸு. 1959-ல தொறந்தப்போ இந்தியாவுலயே ஒசரம்னு சொல்வாரு.

சார்: சொன்னது சரிதான். ரெண்டு வருஷத்துல பம்பாய்க்காரன் தாண்டிட்டான். ஆனா சிகாகோல 1885-லேயே ஹோம் இன்சூரன்ஸ் பில்டிங்னு இரும்புச் சட்டம் போட்டு 10 மாடி எழுப்பிட்டாங்க. உலகத்துல ஸ்கைஸ்க்ரேப்பருக்கெல்லாம் தாத்தான்னு அதைத்தான் சொல்வாங்க.

லாரிக்காரர்: அங்கயும் இன்சூரன்ஸா? ஊருக்கு ஊரு மொத ஒசரக் கட்டடத்த அவங்கதான் கட்றாங்க. பாலிசி இல்லாம மேல ஏறக் கூடாதுன்னு அவங்களுக்குத்தானே தெரியும்.

சார்: (காதில் வாங்காமல்) சிகாகோ வில்லிஸ் டவர் 110 மாடி, 442 மீட்டர். அதோட கட்டுமானத்துக்கு மூளை யாரு தெரியுமா? ஃபஸ்லுர் ரஹ்மான் கான். நம்ம பக்கத்து டாக்காவுல பொறந்தவர். அப்பேர்ப்பட்ட கட்டடத்தையே 2013-ல நியூயார்க்காரன் தள்ளிவிட்டுட்டான்.

லாரிக்காரர்: இடிச்சிட்டானா?

சார்: அமெரிக்காவுல ரெண்டாவது இடத்துக்குத் தள்ளிட்டான்யா. ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர்னு கட்டினாங்க. மொட்டைமாடி வரைக்கும் 417 மீட்டர்தான். மேல ஒரு கம்பத்த நட்டு 541 மீட்டர்னு சொல்லிட்டான். கம்பம் கட்டடத்துல சேருமா, சேராதான்னு பஞ்சாயத்து. தீர்ப்பு சொல்ற சங்கத்துக்கு ஆபீஸே சிகாகோலதான். அவங்களே ‘சேரும்’னுட்டாங்க. இத்தனைக்கும் வில்லிஸ் டவர் தலையில ரெண்டு ஆன்டெனா நிக்குது. அது சேராதாம்.

லாரிக்காரர்: ஏன் சேராது?

சார்: அது சிக்னலுக்கு வச்சதாம். இது அழகுக்கு வச்சதாம்.

லாரிக்காரர்: அப்போ நம்ம நூம்பல்ல ரெண்டு மாடி வீட்டு மேல செல்போன் டவர் வச்சு மாசா மாசம் வாடகை வாங்குறாரே, அவரு சீரியல் லைட்டு சுத்திட்டா அதுவும் அழகுதானே? லிஸ்ட்ல ஏறிடுமா?

சார்: விளையாடாதே. அந்தக் கட்டடம் 1776 அடி. அவங்க சுதந்திரப் பிரகடனம் பண்ணின வருஷம்.

லாரிக்காரர்: (விரலில் கூட்டி) ஒண்ணு, எட்டு, பதினஞ்சு, இருபத்தொண்ணு. ரெண்டும் ஒண்ணும் மூணு. குரு நம்பர். நிக்கும் சார்.

சார்: ஓக்லஹோமா சிட்டில இன்னொரு திட்டம். 1907 அடி! அந்த மாநிலம் அமெரிக்காவோட சேர்ந்த வருஷமாம். 2024-ல அந்த நகர மன்றம், ‘இந்த எடத்துல எவ்வளவு உயரம் வேணும்னாலும் கட்டிக்கோ’ன்னு கை தூக்கிடுச்சு.

லாரிக்காரர்: 17, எட்டு. ஐயோ, சனி சார்! யாரு எடுத்துக் குடுத்த நம்பரு இது? ஒரு அடி கொறச்சா கேது, ஒரு அடி ஏத்தினா செவ்வாய். கேட்டுட்டாவது கட்டச் சொல்லுங்க.

(வாஸ்து பார்த்து வாசலை மாற்றி, எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டும் நாம் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. வருஷத்தை வைத்து அடியை முடிவு பண்ணுகிறவர்களுக்கும் நமக்கும் பெரிய தூரமில்லை.)

சார்: இந்த நம்பிக்கை எல்லாம் அங்கயும் உண்டுப்பா. ஃபிலடெல்பியாவுல நகர மண்டபத்து உச்சியில வில்லியம் பென் சிலை. அவர் தொப்பிக்கு மேல யாரும் கட்டக் கூடாதுன்னு எழுதாத ஒப்பந்தம். 1987-ல ஒருத்தன் மீறிட்டான். அதுலருந்து ஊர் டீமு எந்த ஆட்டத்துலயும் கோப்பை வாங்கல. கடைசில, புதுசாக் கட்டின பெரிய கட்டடத்து உச்சியில குட்டியா ஒரு பென் பொம்மைய ஒட்டினாங்க. 2008-ல பேஸ்பால் கோப்பை வந்துடுச்சு.

லாரிக்காரர்: திருஷ்டி பொம்மைய நாம வாசல்ல கட்றோம், அவங்க உச்சியில ஒட்டியிருக்காங்க. கோபுரத்த விட ஒசரமாக் கட்டாதேன்னு எங்க ஆயா சொல்லும். மதுரையில இப்பவும் ரூலே இருக்குதே, மீனாட்சி கோயிலச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டர் தாண்டக் கூடாதுன்னு.

சார்: அதே 1987-லதான் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் கும்பாபிஷேகம். 236 அடி, 13 நிலை.

லாரிக்காரர்: பார்த்தீங்களா? அங்க சாமிய மனுஷன் தாண்டுறான், இங்க எல்.ஐ.சி-ய சாமி தாண்டிடுச்சு.

சார்: எனக்கு ஒரே ஆதங்கம்தான். பெரம்பூர்ல பின்னி மில் இருந்த எடத்துல 45 மாடி ஏறிடுச்சு. நம்ம பக்கம், அம்பத்தூர்ல ஆரம்பிச்சு பூந்தமல்லி வரைக்கும், எதப் பார்த்தாலும் ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ். ஏன் இப்படிக் குட்டையாவே நிக்குது?

லாரிக்காரர்: ஆசை இல்லாம இல்ல சார், டேப்பு வச்சு நிறுத்துறாங்க. 2019 ரூல்படி 18.30 மீட்டர் தாண்டினா அது ‘உயரக் கட்டடம்’. சுத்தி நாலு பக்கமும் 7 மீட்டராவது விடணும். ஃபயர் சர்வீஸ்ல தடையில்லாச் சான்று வாங்கணும். ரோடு 18 மீட்டர் அகலம் இருந்தா எடத்தப் போல மூணேகால் மடங்கு கட்டலாம். நம்ம தெருவுல என் லாரி ரிவர்ஸ் எடுக்கவே மூணு பேரு பைக்க நகத்தணும். அதான் 18.30 வந்ததும் கலவை மிஷின் கப்புனு நின்னுடுது.

சார்: மெட்ரோ வரட்டும், மாறிடும்.

லாரிக்காரர்: மெட்ரோ போரூர், குமணன்சாவடின்னு அந்தப் பக்கமா போகுது. நமக்கு மேம்பாலந்தான். சரி, 45 மாடி வந்துடுச்சுன்னே வச்சுக்குங்க. மாடிக்கு நாலு வீடு, வீட்டுக்கு நாலு பேரு. எத்தினி பேரு?

சார்: 720.

லாரிக்காரர்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கக் கணக்கு.

சார்: 97,200 லிட்டர்.

லாரிக்காரர்: என் லாரி 12,000. எட்டு லோடு அடிச்சும் இன்னும் 1,200 லிட்டர் பாக்கி. ஒரே ஒரு பில்டிங்குக்கு, ஒரு நாளைக்கு. நான் வாட்ச்மேன எழுப்பி, சம்ப் மூடிய நெம்பி, ஓஸ விட்டு, நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு வர்றதுக்குள்ள அடுத்த லோடுக்கு போன் வந்துடும். சிகாகோ கெடக்கட்டும், அந்த நியூயார்க்ல தண்ணி யாரு அடிக்கிறாங்க?

சார்: யாரும் அடிக்கிறதில்ல. 200 கிலோமீட்டர் தள்ளி மலையிலருந்து சுரங்கம் வழியா தானா இறங்கி வருது. ஆறு மாடி வரைக்கும் மோட்டாரே போட வேண்டாம். அதுக்கு மேல இருந்தா மொட்டைமாடியில மரத்தொட்டி வச்சு ஏத்திக்குவாங்க.

லாரிக்காரர்: மரத்தொட்டியா! அவ்ளோ பெரிய ஊர்ல?

சார்: இன்னிக்கும் மரந்தான்.

லாரிக்காரர்: தண்ணி கீழ வந்து நின்னப்புறம் மாடிய ஏத்தியிருக்கான். நம்ம ஆளு மாடிய ஏத்திட்டு எனக்கு போன் பண்றான். எனக்கு நல்லதுதான், நான் இன்னாத்துக்குக் கொற சொல்லணும்? ஆனா ஒண்ணு சார். உங்க டைரியில எல்லா ஊருக்கும் எண்ணிக்கை எழுதி வச்சிருக்கீங்களே, மௌலிவாக்கத்துக்கு இருக்குதா?

சார்: (கொஞ்சம் தயங்கி) அது… 11 மாடிதானே.

லாரிக்காரர்: 11 மாடி இடிஞ்சு விழுந்து 61 பேரு செத்தாங்க. 2014 ஜூன் 28, சாயங்கால மழை. ஆந்திராலருந்தும் ஒடிசாலருந்தும் கட்டட வேலைக்கு வந்த ஜனங்கதான் நெறய. பக்கத்துல நின்ன இன்னொரு டவர 2016 நவம்பர்ல வெடி வச்சு இறக்கினாங்க. அதப் பார்க்க சுத்துப்பட்டு மொட்டைமாடி பூரா ஜனம். ஏற வருஷக்கணக்கு, எறங்க சில செகண்டு.

சார்: அதெல்லாம் அப்போப்பா. இப்ப ரூல் டைட்டு. அந்த தைரியத்துலதான் நானே போரூர் பக்கம் ஒரு ஃபிளாட் புக் பண்ணியிருக்கேன். 14-ஆவது மாடி!

லாரிக்காரர்: அட, சொல்லவே இல்லையே! கீழ் வீட்டுக்காரங்க யாரு, 13-ஆவது மாடியில?

சார்: 13 கிடையாது. அமெரிக்காவுல பல கட்டடத்துல இருக்கிற மாதிரிதான். 12-க்கு அப்புறம் லிஃப்ட்ல நேரா 14.

லாரிக்காரர்: ரங்கநாதருக்கே 13 நிலை ஒத்து வருது, உங்களுக்கு வரலையா? அப்ப நீங்க 13-க்குத்தான் 14-னு துட்டு கட்றீங்க.

சார்: மேல போகப் போக மாடிக்கு ரேட் ஏறும்ப்பா. சதுர அடிக்கு இவ்வளவுன்னு கணக்கு.

லாரிக்காரர்: சரி சார். மேஸ்திரிக்குக் கூலி எந்தக் கணக்குல குடுத்தாங்க? பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலா, பதிமூணா?