நன்றிக் கமிட்டி

சும்மா வேலை செய்கிறவனுக்கு எவ்வளவு கூலி கொடுப்பது? இதற்கு விடை காண எங்கள் சைக்கிள் கடையில் ஒரு கமிட்டி இருக்கிறது. கமிட்டிக்காரர்களும் சும்மா வேலை செய்கிறவர்கள்தான். ஆகவே அவர்களுக்கு யார் நன்றி சொல்வது என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி விஷயமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் நேரமில்லாமல் தள்ளியும் போகும்.

கடை என்றதும் முதலாளி யார் என்று கேட்பீர்கள். முதலாளி கிடையாது. அமெரிக்காவில் பல ஊர்களில் இப்படிக் கடைகள் உண்டு. ஊரார் வேண்டாமென்று கொடுக்கும் பழைய சைக்கிள்கள் வந்து குவியும். தேறுவதை ஓவராயில் பண்ணிக் குறைந்த விலைக்கு விற்பார்கள். தேறாததைப் பிரித்துச் சாமான் எடுப்பார்கள். அந்தக் காசில் வாடகை, கரண்ட் பில். சொந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஸ்டாண்டும் ஸ்பேனரும் கொடுத்துப் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 2002இல் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் இப்படி ஆரம்பித்ததற்கு 'பைசைக்கிள் கிச்சன்' என்றே பெயர். சான்டா குரூஸில் இருப்பது 'பைக் சர்ச்'. சமையலறை, கோயில் எல்லாம் ஆகிவிட்டன. கடை என்று சொல்லத்தான் கூச்சம். எங்களுடையது மினியாப்பொலிசில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அதற்கொரு கூட்டம் போடுவார்கள்.

கடையின் தலையாய விதி, வாடிக்கையாளரின் சைக்கிளை நாங்கள் தொடமாட்டோம் என்பது. மன்னார்குடியில் வாடகை சைக்கிள் எடுத்து வளர்ந்தவன் நான். அங்கே ஸ்பேனர் பக்கம் கை போனாலே கடைக்கார அண்ணன் "கைய எடுறா" என்பார். இங்கே "தயவுசெய்து கையை வையுங்கள்" என்று நாங்கள் கெஞ்சவேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்று தெரியாமல், அதைப் பல்லைக் கடித்து இறுக்கிக்கொண்டே "கழலமாட்டேன் என்கிறது" என்று முறையிடுகிறவரிடம், புன்னகை மாறாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னொரு பக்கம் சுற்றிப் பார்க்கலாமே" என்று சொல்லவேண்டும். இதற்குத்தான் கூலி இல்லை. வேறெந்த வேலைக்காவது கூலி இவ்வளவு தகுமா என்பது என் சந்தேகம்.

ஆதியில் வெகுமதி என்று எதுவும் இருந்ததில்லையாம். அது பொற்காலம் என்று அப்போது இருந்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான், உழைக்கிறவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று வாசலில் ஒரு நோட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். வந்த நேரம், போன நேரம், செய்த வேலை எழுதவேண்டும். மணிக்கு 8 டாலர் கடைக் கணக்கில் வரவு வைக்கப்படும். அதற்கு டயரோ டியூபோ எடுத்துக்கொள்ளலாம்.

அன்றுவரை கடையில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. நோட்டு வந்தபின் பார்த்தார்கள். கிரீஸ் ரேகைகளுக்கு நடுவே அதில் நான் படித்த பதிவுகள் இலக்கியத் தரமானவை. 'பின்சக்கரம் கோட்டம் எடுத்தது, 1 மணி.' சரி. 'அதே சக்கரத்தை மறுபடி கோட்டம் எடுத்தது, 2 மணி.' இதுவும் நடப்பதுதான். 'வீட்டில் படுத்துக்கொண்டு கியர் கோளாறைப் பற்றி யோசித்தது, 1 மணி.' 'கடைக்கு ஏன் இவ்வளவு நேரம் போகிறேன் என்று மனைவிக்கு விளக்கியது, அரை மணி.' இதன் பக்கத்தில் பென்சிலில் வேறு கையெழுத்து: 'ஒப்புக்கொண்டாளா?'

பால்ரஸ் குண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கிறவருக்கும் 8 டாலர், சக்கரம் கட்டத் தெரிந்தவருக்கும் 8 டாலரா என்று முணுமுணுப்பு கிளம்பியது. மருத்துவமனையில் மயக்கமருந்துப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர், சக்கரத்தில் கைதேர்ந்தவர், வருஷக்கணக்கில் ஒரு பைசா கேட்காமல் வந்துகொண்டிருந்தவர், நோட்டை ஒரு நாள் உற்றுப் பார்த்தார். "மணிக்கு எட்டா? பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மகள் இதைவிட அதிகம் வாங்குகிறாளே" என்றார். இந்த ஊரில் குறைந்தபட்சக் கூலியே 15 டாலருக்கு மேல். சும்மா வந்தவரைக்கும் அவர் கொடை வள்ளல். 8 டாலர் கொடுத்ததும் ஏமாந்த கூலியாள் ஆகிவிட்டார். இன்னொரு பக்கம், தரை கூட்டியதற்கெல்லாமா காசு எழுதுவது என்று கூசி எழுதாமல் போனவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள்தான் அதுவரை தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவர்கள். எழுதாத வேலை வேலையில்லை என்று ஆனபின் அவர்கள் துடைப்பத்தையும் தொடவில்லை.

கமிட்டி கூடியது. எங்கள் கமிட்டியில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டால்தான் முடிவு. சம்மதம் என்றால் இரு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டவேண்டும்; சம்மதமில்லை என்றால் கைகளைக் கீழே தொங்கப்போட்டு ஆட்டவேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கண்ணாடி ஜன்னல் வழியே இதைப் பார்த்தபடி தெருவில் போகிறவர்கள் உள்ளே ஏதோ பேயோட்டுகிறார்கள் என்று நினைத்தால் அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஆளுக்கொரு நகல் எடுத்து வந்திருந்தார். யூரி கினீசி, ஆல்டோ ரஸ்டிக்கினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு. இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் நல்ல காரியத்துக்குக் காசு திரட்டுவார்கள். அவர்களில் ஒரு பிரிவுக்கு வெறும் ஊக்கப் பேச்சு. இன்னொரு பிரிவுக்குத் திரட்டியதற்கு ஈடாக 1 சதவீதம் கமிஷன். மூன்றாம் பிரிவுக்கு 10 சதவீதம். அதிகம் திரட்டியவர்கள் ஒன்றும் வாங்காதவர்கள். பத்து சதவீதக்காரர்கள் அதற்கு அடுத்து. ஒரு சதவீதம் வாங்கியவர்கள் கடைசி. போதுமான அளவு கொடு, இல்லாவிட்டால் கொடுக்கவே கொடுக்காதே என்பதுதான் கட்டுரையின் தலைப்பே.

ஆசிரியை படித்து முடித்ததும் அறையில் ஞானம் பரவியது. உடனே ஒருவர் கேட்டார்: "நம்முடைய எட்டு டாலர் ஒரு சதவீதமா, பத்து சதவீதமா?" அதை விவாதிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை நோட்டில் எழுதலாமா என்று விவாதிக்க இன்னொரு அரை மணி.

முடிச்சை அவிழ்த்தவர் கணக்குப் பார்ப்பவர். மணிக்கு இவ்வளவு என்று எழுதிவைத்தால் அது கூலி மாதிரித் தெரிகிறது. பண்டமாற்றில் வருவதையும் வருமானம் என்றுதான் அமெரிக்க வரித்துறை சொல்கிறது என்றார். எல்லோருக்கும் முகம் வெளுத்தது. அப்புறம் அவரே ஆறுதல் சொன்னார். வரித்துறைக்கும் மனசு உண்டு. காப்பி, டோனட், குளிர்பானம் போன்ற சில்லறை உபசாரத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று தன் கையேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறது. டோனட்டைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பரிசு அட்டை மட்டும் எவ்வளவு சின்னத் தொகையானாலும் காசுக்குச் சமம், அதற்கு மன்னிப்பில்லை. ஆக ஒரு பேரரசு தன் குடிமக்களுக்கு இடையே நன்றியுணர்ச்சி எந்த எல்லைவரை போகலாம் என்று யோசித்து, பொரித்த ஒரு மாவு வளையத்தில் வந்து நின்றிருக்கிறது. விரல்கள் மேலே ஆடின. நோட்டு போயிற்று, டோனட் வந்தது.

டோனட்டால் தீராதது ஒன்று உண்டு. சாமான் ஆசை. சைக்கிள் கடையில் சும்மா வேலை செய்ய வருகிறவர்களில் பாதிப்பேர் சேவை செய்ய வருகிறார்கள். மீதிப்பேர் நன்கொடைச் சாமானை முதலில் பார்க்க வருகிறார்கள். எந்தப் பாதியில் யார் என்பது ஒரு பழைய ராலே சைக்கிள் வந்த அன்று தெரிந்தது. துருப்பிடித்த வண்டிதான். ஆனால் மேலே இருந்தது ஒரு புரூக்ஸ் தோல் சீட். 1866இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த கம்பெனி. புதிதாய் வாங்கினால் 100 டாலருக்கு மேல். உட்கார உட்கார, உட்காருகிறவரின் உடம்புக்கு ஏற்பத் தோல் படிந்துகொள்ளும் என்பது அதன் பெருமை. முன்பின் தெரியாத ஒருவரின் உடம்புக்குப் பல ஆண்டுகளாகப் படிந்த அந்தத் தோலுக்கு மூன்று பேர் ஆசைப்பட்டார்கள்.

முதலாமவர் மாதக் கடைசியில் தள்ளுபடியில் எடுத்துக்கொள்ளலாம் என்று, குழந்தை சைக்கிளின் பக்கச்சக்கரங்கள் கிடக்கும் பெட்டிக்கு அடியில் அதை ஒளித்தார். இரண்டாமவர் அதைக் கண்டுபிடித்து உடைந்த பெல் பெட்டிக்கு மாற்றினார். மூன்றாமவர் இன்னும் கெட்டிக்காரர்; யாருமே கை வைக்காத ரிஃப்ளெக்டர் பெட்டியின் அடியில் போட்டு மூடினார். மறுநாள் சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண் கல்லாவில் இருந்தாள். ரிஃப்ளெக்டர் தேடிவந்த ஒரு அம்மாள் சீட்டை எடுத்து விலை கேட்டார். அந்தப் பெண் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். எதை எடுத்தாலும் 5 டாலர்.

அந்த மூன்று பேரும் கமிட்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எங்கிருந்தது என்று சொல்லவேண்டியிருக்குமே. ஆனால் சாமான் வந்தால் ஒரு வாரம் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டுத்தான் உள்ளாட்கள் எடுக்கலாம் என்ற விதி வந்தபோது, இதுவரை இல்லாத வேகத்தில் விரல்கள் மேலே ஆடின.

டி-ஷர்ட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மிஞ்சுவது எப்போதும் எக்ஸ்எக்ஸ்எல். அதை நான் இரவில் போர்த்திக்கொள்கிறேன்.

மெம்பர்கள் விஷயம் வேறு. அவர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறவர்கள். உழைப்பவர், காசு கேட்காதவரை, என்ன கொடுத்தாலும் போதும் என்பார். சந்தா கட்டியவர் என்ன கொடுத்தாலும் போதாது என்பார். ஸ்டாண்டு காலியில்லை என்றால் அவருக்குக் கோபம் வரும். இவர்களைக் குளிரவைக்கச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டிப் பெயர்களை எழுதினோம். அதற்குப்பின் எழுத்துப் பிழைக்குத்தான் கோபம். என் பெயரும் இருந்தது; சந்தாவும் கட்டித் தொலைத்திருக்கிறேன். பலகையின் அகலத்துக்குள் 'வைத்தியநா' வரைக்கும்தான் கொண்டது.

வருடாந்திர நன்றி விருந்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. உழைத்தவர்களை உட்காரவைத்துச் சோறு போடுவது என்று தீர்மானம். சமைப்பது யார்? அவரவர் ஒரு பதார்த்தம் கொண்டுவரவேண்டும். பரிமாறுவது, பாத்திரம் தேய்ப்பது, மேஜை மடக்குவது எல்லாம் விருந்தாளிகளே. மூன்றில் ஒருவர் பால், நெய், முட்டை எதையும் தொடாத கட்சி என்பதால் நான் எலுமிச்சைச் சாதம் கிண்டிக்கொண்டு போனேன். அன்றோடு தப்பியிருக்கலாம், ஆனால் அது தீர்ந்துபோய்விட்டது. இப்போது கூட்டம், விருந்து, யாராவது ஊரைவிட்டுப் போவது, வருவது எதுவானாலும் எலுமிச்சை என் பொறுப்பு. என் மனைவி இதை வெகுமதி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

உண்மையிலேயே எல்லோரும் விரும்புகிற சலுகை ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை இரவு கதவைச் சாத்திவிடுவோம். உள்ளாட்கள் மட்டும். அவரவர் வண்டியை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். நீலப்பிடி போட்ட நல்ல டூல்கள் எல்லாம், பக்கத்து செயின்ட் பாலில் 1963இல் தொடங்கிய பார்க் டூல் கம்பெனியின் தயாரிப்பு, அன்றைக்குத்தான் அலமாரியைவிட்டு வெளியே வரும். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் வண்டிகளைப் பார்த்தால் நம்புவீர்கள். பனி உருகச் சாலையில் கொட்டிய உப்பில் செயின் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமைகளில் யாரும் செயினைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டாண்டில் வண்டியை மாட்டிவிட்டு, சீட் கோணத்தைப் பற்றி இரவு பத்துவரை வாதாடுவார்கள்.

கோர்ட் உத்தரவின்பேரில் சமூக சேவை செய்ய அனுப்பப்பட்ட ஒருவரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. நோட்டு போனபின்னும் அவர் ஒருவருடைய மணிக்கணக்குதான் துல்லியமாக எழுதப்பட்டது. அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டுமே. மணி முடிந்தது, கையெழுத்தும் ஆயிற்று. மறுவாரமும் மனிதர் வந்து நின்றார். தரை கூட்டினார். இவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று கமிட்டி குழம்பியது. "தண்டனையையே வெகுமதியாக அறிவிக்கலாமே" என்றார் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வராமல் "சார்" என்பேன். இங்கிலாந்து ராஜா எனக்கு இன்னும் பட்டம் கொடுக்கவில்லையே என்பார். அவருடைய தண்டனை யோசனையைக் கமிட்டிக் குறிப்பேட்டில் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் போன மாதம் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. பொருளாகக் கொடுப்பதால்தானே இவ்வளவு வம்பு? நம்பிக்கையைக் கொடுப்போம். நீண்ட நாள் உழைத்தவர்களுக்குக் கடையின் சாவி. எனக்குக் கொடுத்தபோது எல்லோர் விரல்களும் மேலே ஆடின. எனக்குத் தொண்டை அடைத்தது என்பதையும் மறைக்கவில்லை. சாவி வைத்திருப்பவர்தான் சனிக்கிழமை காலையில் கடை திறக்கவேண்டும், வாசலில் பனி தள்ளவேண்டும், ராத்திரி அலாரம் அடித்தால் போய்ப் பார்க்கவேண்டும் என்பதை மறுநாள் விவரமாகத் தெரிவித்தார்கள்.

ஜனவரி மாதத்து மினியாப்பொலிசில், அதிகாலை இரண்டரை மணிக்கு அலாரம் அடித்து, போய்ப் பார்த்து, வெப்பக்குழாய்க் காற்றில் ஒரு டி-ஷர்ட் ஆடியதைத் தவிர வேறு திருடன் இல்லை என்று கண்டு திரும்பினேன். மனைவி விளக்கைப் போட்டாள்.

"என்னங்க, அந்தச் சாவிய அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்களேன்."

"அப்படியெல்லாம் குடுத்துட முடியாதும்மா. கமிட்டி கூடணும். எல்லாரும் ஒத்துக்கணும்."

"கூடட்டுமே."

"கூடினா எலுமிச்சம் சாதம் கேப்பாங்க."

அவள் விளக்கை அணைத்தாள்.